மலைப் பாதைக்கு ஒரு பி.பி. செட்

மார்ச் 3

வாலுக்கு,

இந்தப் பேரைப் பாத்ததுமே யாரு எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சிருக்கும். வெச்சது உன் அண்ணன், வாய் நிறையக் கூப்பிட்டது நான்.

உன்கூட பேங்க்ல இருந்த பொண்ணு என்கிட்டதான் துணி தைக்கக் குடுக்குறா. அவகிட்ட உன் சைக்கிள் ஒர்க்‌ஷாப் அட்ரஸை வாங்கினேன். போன் நம்பரும் குடுத்தா. ஆனா இந்த ரெண்டு ரூம் வீட்டுல உன் அண்ணன் காதுல விழாம எங்க நின்னு பேசுறது? அதோட உன் குரலைக் கேட்டா நான் அழுதுட்டு, விஷயத்தைக் கோட்டை விட்டுடுவேன். அதான் கடுதாசி.

விஷயத்துக்கு வரேன். அண்ணன் வேலை பாக்குற பம்ப் ஹவுஸ் மலை மேல இருக்குல்ல, போன மழையில அந்த ரோடு பாதியோட சரிஞ்சு போச்சு. ஆபீஸ் ஜீப் வளைவு வரைக்கும்தான் போகும். அதுக்கு மேல ஒத்தையடிப் பாதை. ஏறுறதுக்குக் கூட ஏறிடுவாரு, இறங்குறதுதான் முட்டிக்கு எமன். ஒரு வாரம் இறங்கினாரு, முட்டி வீங்கி பேன்ட் போட முடியல. எலும்பு டாக்டர், "நடந்து இறங்கவே கூடாது, சைக்கிள் மிதிங்க, அது முட்டிக்கு நல்லதுதான்"னு சொல்லிட்டாரு. இப்ப லீவுல வீட்டுல உக்காந்திருக்காரு.

ஆபீஸ்ல கறாரா பேசிட்டாங்க. இந்த மாசக் கடைசித் திங்கக்கிழமை காலையில மேல வந்து டூட்டியில நிக்கணுமாம். இல்லைன்னா வேற ஊர் மீட்டர் ஆபீசுக்கு மாத்தல். சம்மதம்னு கையெழுத்துப் போடப் பேப்பரே அனுப்பிட்டாங்க. அவரு அங்க போயிட்டா நான் இங்க என் தையல் கடையோட. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு ரெண்டு அடுப்பு. எனக்கு மனசே ஆறல.

பின் ரூம்ல போர்வை போட்டு மூடி வெச்சிருந்த உன் மலை சைக்கிளை வெளியில எடுத்தேன். "அவ வண்டி எனக்கு வேணாம்"னு முறுக்கிக்கிட்டாரு. அப்புறம் தெருவுல ஆள் இல்லாத நேரமாப் பாத்து ஏறி ஒரு சுத்து சுத்தினாரு. திரும்பி வரும்போது விசில் அடிச்சுக்கிட்டு வந்தாரு. என்னைப் பாத்ததும் விசிலை நிறுத்திட்டாரு.

ஆனா மிதிக்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல கடக் கடக்னு சத்தம். பெடலைப் பிடிச்சு ஆட்டினா பல்லு ஆடுற மாதிரி ஆடுது. நம்ம தெருமுனை சைக்கிள் கடைக்காரர் பாத்துட்டு, "பெடல் அச்சு சுத்துற இடத்துல இருக்குற பி.பி. செட் போயிடுச்சுக்கா. இந்த மாதிரி வண்டிக்கு என்கிட்ட கிடையாது. ஆயிரத்தெட்டு அளவு வருது, தப்பா வாங்கினா வீண்தான்"னு சொல்லிட்டாரு.

எதை வாங்கணும்னு நீதான் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சு இந்த வேலையில இருக்குறது நீ ஒருத்திதான். உனக்குக் கோவம் இருக்கும். இருக்கட்டும், கோவத்தோடயே பதில் எழுது. நான் எழுதினது உன் அண்ணனுக்குத் தெரியாது.

அண்ணி

*

மார்ச் 7

அண்ணிக்கு,

கடுதாசி வந்துச்சு. கவர் மேல உங்க கையெழுத்தைப் பாத்ததும் யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு நின்ன இடத்துலயே கவரைக் கிழிச்சேன். முட்டிதான்னு படிச்ச பிறகுதான் மூச்சு வந்துச்சு.

கோவத்தோடயே எழுதுன்னீங்க. சரி. உங்க வீட்டுக்காரர் யார் யாரு கையையோ காலையோ பிடிச்சு எனக்கு வாங்கிக் குடுத்த வேலை அந்த பேங்க் வேலை. நான் விட்டுட்டு ஒர்க்‌ஷாப்ல சேந்தேன். அவருக்கு நாலு பேரு முன்னாடி தலைகுனிவு ஆயிடுச்சு, நான் இல்லைன்னு சொல்லல. அதுக்காக, "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே"ன்னு வாசல்ல நிக்க வெச்சு சொல்லலாமா? அவரு சொன்னதைக் கூட ஒரு நாள் ஜீரணிச்சுடுவேன். நீங்க அங்கேயே கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஒரு வார்த்தை பேசல. மூணு வருஷமா அதுதான் எனக்குத் தொண்டையில நிக்குது.

இப்ப வண்டிக்கு வரேன்.

நான் அதை ஓட்டின காலத்துல எனக்கும் ஒண்ணும் தெரியாது, ஏறி மிதிப்பேன், அவ்வளவுதான். அதனால உள்ள என்ன அளவுன்னு நானும் பாத்ததில்ல. கடைக்காரர்கிட்ட தள்ளிட்டுப் போய் பழசைக் கழட்டித் தரச் சொல்லுங்க. கழட்டினதும் பிரேமுக்கு அடியில படுக்கை வசமா ஒரு சின்னக் குழாய் வெறுமையாத் தெரியும். எனக்கு மூணு விஷயம் வேணும். குழாய்க்கு உள்ள ஸ்க்ரூவுல வர்ற மாதிரி மறை இருக்கா, வழவழன்னு இருக்கா? கழட்டின அச்சு கெட்டியான இரும்பா, இல்ல நடுவுல ஓட்டையா? மூணாவது, குழாயோட அகலம், இந்த விளிம்புல இருந்து அந்த விளிம்பு வரைக்கும், மில்லிமீட்டர்ல.

எவ்வளவு வரும்னு நான் இப்பவே சொல்ல மாட்டேன். சொன்னா அந்த நம்பர்தான் கண்ணுக்குத் தெரியும், இங்க வர்றவங்ககிட்ட பாத்துட்டேன். குழாயோட ரெண்டு முனையிலயும் திருகியிருக்குற கப்போட சேத்து அளக்காதீங்க, வெறும் குழாயை அளங்க. உங்களுக்கு நான் டேப் பிடிக்கக் கத்துத் தரணுமா என்ன, பொழுது விடிஞ்சா அளவுதானே எடுக்குறீங்க.

போர்வை போட்டு மூடி வெச்சிருந்தேன்னு எழுதியிருந்தீங்க. காயலான் கடைக்குப் போயிருக்கும்னு நெனச்சேன். அதுக்கு நன்றி அண்ணி.

வாலு

*

மார்ச் 11

வாலுக்கு,

முதல்ல தொண்டையில நிக்கிறதை எடுத்துடுறேன். நான் பேசலைன்னு உனக்கு யாரு சொன்னா? நீ பஸ் ஏறின பிறகு பேசினேன். பேசின பேச்சுல உன் அண்ணன் அன்னைக்கு ராத்திரி கடையில துணி மூட்டை மேல படுத்தாரு. அந்த வாரம் முழுக்க அவரே சமைச்சு அவரே சாப்பிட்டாரு. உன் முன்னாடி அவரை விட்டுக்குடுக்கவும் முடியல, உன்னை விடவும் முடியல. எனக்கு அப்படி ஒரு இடத்துல நிக்கத் தெரியாது, நின்னுட்டேன். இதுக்கு மேல எழுதினா பேப்பர் நனையும்.

அப்புறம், "உங்க வீட்டுக்காரர்"னு எழுதாதே. எனக்குப் புருஷன் ஆகுறதுக்கு முன்னாடியே அவரு உனக்கு அண்ணன்.

பழசைக் கழட்டியாச்சு. கடைக்காரர் ஸ்பேனர் சாவியைப் போட்டு மூச்சைப் பிடிச்சுத் திருப்பினாரு, உள்ளேயிருந்து குண்டு குண்டா துருவும் சேறும் கொட்டிச்சு. எல்லாத்தையும் அவரு பழைய இரும்பு டப்பாவுல போட்டுட்டாரு. "புதுசு வந்தா மாட்டித் தருவீங்களா"ன்னு கேட்டேன். "நான் விக்காத சாமானுக்கு நான் பொறுப்பில்லக்கா"ன்னு கையைக் கழுவிட்டாரு.

நீ கேட்டது. குழாய்க்கு உள்ள மறை இருக்கு, விரல் விட்டுப் பாத்தேன். அச்சு குழல் மாதிரி நடுவுல ஓட்டை. வலது பக்கப் பெடல் கையோடயே ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அகலத்தை வீட்டுல வந்துதான் எடுத்தேன். வண்டியைக் கவுத்துப் போட்டு டேப் வெச்சுக்கிட்டு இருக்கேன், பின்னாடி வந்து நிக்கிறாரு உன் அண்ணன். "என்ன பண்றே?" "வண்டிக்கு உறை தைக்கப் போறேன், அளவு எடுக்குறேன்." "ஓடாத வண்டிக்கு உறை ஒரு கேடா"ன்னுட்டுப் போயிட்டாரு. அப்படியே கடைக்குப் போய், வழக்கமா எழுதுற மாதிரி பலகையில எழுதி வெச்சுட்டேன். எழுபத்து மூணு மில்லி.

நீ பதில் எழுதினதே எனக்குப் பெரிய விஷயம். வண்டி ஓடுதோ இல்லையோ, அதுக்கு உனக்கு நன்றி.

அண்ணி

*

மார்ச் 16

அண்ணிக்கு,

துணி மூட்டை மேல படுத்தாருன்னு படிச்சுட்டு ஒர்க்‌ஷாப்ல தனியா சிரிச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்துல சக்கரம் கோணல் எடுத்துக்கிட்டு இருந்த மேஸ்திரி ஒரு மாதிரி பாத்தாரு. அந்தக் காட்சியை மூணு வருஷம் முன்னாடியே எழுதியிருக்கக் கூடாதா நீங்க.

பார்சல்ல பி.பி. செட் இருக்கு. எழுபத்து மூணுன்னா மலை வண்டிக்கு வர்ற அகலம்தான், சந்தேகம் இல்ல. இதுல மூணு ரகம் பாத்தேன். விலை கம்மியானது ஒண்ணு, பேரிங்குக்கு மேல ரப்பர் மூடி சரியில்ல, ஒரு மழைக்குச் சேறு உள்ள போயிடும். இன்னொண்ணு ரேஸ் ஓட்டுறவங்க கேக்குற செராமிக், கையில சுத்தினா சும்மா வழுக்கிட்டுப் போகும். ஆனா பம்ப் ஹவுஸ் பாதைக்கு அது வேண்டாத ஆடம்பரம், தண்ணியும் மண்ணும் பட்டா சீக்கிரம் சிணுங்கும். நான் எடுத்தது நடுவுல இருக்கிறது. இரும்புக் குண்டு, ரெட்டை ரப்பர் மூடி. கையில சுத்தினா கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பயப்படாதீங்க, அந்த இறுக்கம்தான் சேறை வெளியில நிறுத்துது.

நீங்களே மாட்டுங்க. தையல் மிஷினைப் பிரிச்சுக் கழுவி மாட்டுற ஆளுக்கு இது ஒண்ணும் பெரிசில்ல. கப்பைப் பிடிக்கிற வளையச் சாவியும் வெச்சிருக்கேன்.

குழாய் உள்ள மறையைத் துணி போட்டு நல்லாத் துடைங்க, கூடவே வெச்சிருக்குற மஞ்சள் கிரீஸைத் தடவுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. செயின் இருக்குற வலது பக்கக் கப்புக்கு மறை தலைகீழ். இடது பக்கமாச் சுத்தினாத்தான் இறுகும். மத்தப் பக்கம் எப்பவும் போல. ரெண்டையும் முதல்ல விரலாலயே பாதி தூரம் ஏத்தணும். விரலுக்கு வரலைன்னா கோணலா ஏறுதுன்னு அர்த்தம், கழட்டிட்டு மறுபடி ஆரம்பிங்க. சாவியைப் போட்டு முரட்டுத்தனம் பண்ணினா பிரேமே போயிடும்.

செட்டோட சன்னமா மூணு வளையம் வரும், குழாய்க்கும் கப்புக்கும் நடுவுல இடம் அடைக்க. உங்க அளவுக்கு வலது பக்கம் ஒண்ணு போதும். மத்த ரெண்டும் இருந்தா குழம்புவீங்கன்னு நானே எடுத்து வெச்சுக்கிட்டேன்.

அவரு திங்கக்கிழமை மேல போயிடணும் அண்ணி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

வாலு

*

மார்ச் 21

வாலுக்கு,

என்ன அனுப்பினே நீ?

நீ சொன்னபடியே செஞ்சேன். துடைச்சேன், தடவினேன், விரலால ஏத்தினேன், வலது பக்கத்தை இடது பக்கமாச் சுத்தினேன். வெண்ணெய் மாதிரி ஏறிச்சு. பெருமை தாங்கல எனக்கு. அச்சைச் செருகி இடது பக்கப் பெடல் கையையும் போட்டு இறுக்கினா, முழு அச்சும் இப்படியும் அப்படியும் நகருது. முன்னாடி ஆடிச்சு, இப்ப நடந்தே போகுது. அரை சென்டிமீட்டர் இருக்கும். எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடைவெளி போகல. ரெண்டு தடவை கழட்டி மாட்டிட்டேன்.

ரெண்டாவது தடவை மாட்டும்போது உன் அண்ணன் வந்துட்டாரு. பார்சல் அட்டையில உன் அட்ரஸைப் பாத்துட்டாரு. பெடலைப் பிடிச்சு ஒரு தடவை இழுத்துப் பாத்தாரு. "அவ எதைத்தான் முழுசா முடிச்சா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

இந்த வரியை உனக்கு எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு ஒரு டீ போட்டுக் குடிச்சேன். எழுதிட்டேன். எனக்கு அவரு மேலயும் கோவம், உன் மேலயும் கோவம், என் கை மேலதான் எல்லாத்தையும் விடக் கோவம். நான் எங்கேயோ கெடுத்துட்டேனோன்னு பயமா இருக்கு. அந்த மாத்தல் பேப்பரை எடுத்து மேஜை மேல வெச்சிருக்காரு. பேனாவும் பக்கத்துல இருக்கு. பேனாவை நான் எடுத்துக் கடையில வெச்சுட்டேன், ஆனா வேற பேனாவா கிடைக்காது.

எதுவா இருந்தாலும் உடனே எழுது.

அண்ணி

*

மார்ச் 23

அண்ணிக்கு,

பஸ் டிரைவர் கையில குடுத்து அனுப்புறேன், நாளைக்கே கிடைச்சுடும்.

அண்ணன் சொன்ன அந்த வரியைப் படிச்சதும் கடுதாசியை மடிச்சு டூல் பெட்டியில போட்டுட்டேன். இன்னைக்கு வேலை ஓடல. ஒரு வண்டிக்கு பிரேக் கம்பியை ரெண்டு தடவை தப்பா வெட்டினேன். நமக்கு எதுக்கு இந்த வம்பு, கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்னு கூட நெனச்சேன். சாயங்காலம் மறுபடி எடுத்துப் படிச்சேன். அப்பதான் "அரை சென்டிமீட்டர்"ங்கிறது கண்ணுல பட்டுச்சு.

அண்ணி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. குழாயை அளக்கும்போது தையலுக்கு விட்டீங்களா?

உங்க கடையில உக்காந்து எத்தனை நாள் பாத்திருக்கேன். டேப்பைப் பாத்து ஒரு நம்பர் படிப்பீங்க, பலகையில வேற நம்பர் எழுதுவீங்க. பை, உறை, தலையணைன்னு எது தைச்சாலும் அரை சென்டிமீட்டர் தானாச் சேந்துடும். கேட்டா, "நான் எங்க சேத்தேன்"னு சண்டைக்கு வருவீங்க. இந்த ரக வண்டிக் குழாய்ல ரெண்டே அகலம்தான். ஒண்ணு எழுபத்து மூணு, இன்னொண்ணு அறுபத்தெட்டு. நடுவுல இருக்குறது அஞ்சு மில்லி. இந்த நம்பர்களை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நீங்களே பிடிச்சிருப்பீங்க. பெரிய மேதாவி மாதிரி மறைச்சேன்.

நீங்க எதையும் கெடுக்கல. பிரேம் நல்லா இருக்கு, கப்பும் நல்லா இருக்கு, அதே செட் அறுபத்தெட்டுக்கும் ஆகும். குறையுறது நான் புத்திசாலித்தனமா எடுத்து வெச்சுக்கிட்ட அந்த ரெண்டு வளையம்தான், ஒவ்வொண்ணும் ரெண்டரை மில்லி. இதுல வெச்சிருக்கேன். கப்புகளைக் கழட்டிட்டு, வலது பக்கம் இருக்குற வளையத்தோட இன்னொண்ணு சேத்துப் போடுங்க, இடது பக்கம் ஒண்ணு போடுங்க. மறுபடி விரலாலயே ஏத்துங்க. அச்சைப் போட்டு, இடது பக்கப் பெடல் கையையும் மாட்டி, அச்சு முனையில வர்ற சின்னத் திருகு மூடியை நகராத அளவுக்கு மட்டும் இறுக்குங்க, அழுத்தாதீங்க. கடைசியா பெடல் கையில இருக்குற ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி இறுக்குங்க.

அண்ணன்கிட்ட தப்பு என்னோடதுன்னே சொல்லிடுங்க. நான்தான் சாமானைக் குறைச்சு அனுப்பினேன்னு சொல்லுங்க, ஒரு வகையில அது நெசம்தானே. நியாயம் பேச இப்ப நேரமில்ல. அவரு ஏறிப் போனா போதும்.

வாலு

*

மார்ச் 29, திங்கக்கிழமை

வாலுக்கு,

உன் கடுதாசி வந்த அன்னைக்கே டேப்பை எடுத்துக்கிட்டுப் போய், கப்பு ரெண்டையும் கழட்டிட்டு வெறும் குழாயை அளந்தேன். அறுபத்தெட்டு. மறுபடி அளந்தேன். அறுபத்தெட்டுதான். உறை தைக்கப் போறேன்னு உன் அண்ணன்கிட்ட பொய் சொன்னேன்ல, அந்தப் பொய்யை என் கை நம்பிடுச்சு. அந்த இடத்துலயே தரையில உக்காந்து கண்ணுல தண்ணி வர சிரிச்சேன்.

சத்தம் கேட்டு வந்து நின்னாரு. தப்பை உன் தலையில போடச் சொல்லியிருந்தே. என்னால முடியாதுடி. ஒரு தடவை வாயைத் திறக்காம நின்னதுக்கு மூணு வருஷம் ஆகியிருக்கு. "அவ சரியாத்தான் அனுப்பினா, அளவைத் தப்பா எழுதினது நான்"னு சொன்னேன். தையலுக்கு விட்ட கதையையும் சொன்னேன். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு, அடக்கப் பாத்தாரு, முடியல. உன் கடுதாசி எல்லாத்தையும் எடுத்து அவரு முன்னாடி வெச்சேன். கட்டில் ஓரத்துல உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சாரு. நான் உள்ள போகல. ரொம்ப நேரம் கழிச்சு வெளியில வந்து, மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "எந்தப் பக்கக் கப்பை இடது பக்கமாச் சுத்தணும்னு எழுதியிருக்கா"ன்னு கேட்டாரு.

ரெண்டு பேரும் சேந்துதான் மாட்டினோம். அவரு கப்பைப் பிடிச்சாரு, நான் வளையத்தைச் சேத்தேன். இறுக்கி முடிச்சு அச்சை ஆட்டிப் பாத்தா கல்லு மாதிரி நிக்குது. பெடலைத் தட்டிவிட்டாரு. சத்தமே இல்லாம சுத்திச்சு. அது நிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தோம்.

இன்னைக்குக் காலையில கிளம்பிப் போனாரு. வளைவு வரைக்கும் ஜீப்ல வண்டியை ஏத்திக்கிட்டு, அங்கேயிருந்து மிதிச்சுப் போறதா ஏற்பாடு. எனக்கு ஊசியில நூல் கோக்க முடியல. மேல சிக்னலும் கிடையாது. நம்ம தெருவுக்குத் தண்ணி திறந்து விடுறது அவரு டூட்டி, அவரு லீவுல இருந்த நாள்லயெல்லாம் தண்ணி நேரங்கெட்ட நேரத்துலதான் வந்துச்சு. அதனால சமையலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டுப் பக்கத்துலயே நின்னேன். முதல்ல காத்துதான் வந்துச்சு. புஸ் புஸ்ஸுனு அது மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் செம்மண் கலங்கலா எட்டிப் பாத்துச்சு. அப்புறம் கொட்டிச்சு பாரு, கரெக்டா அவரு நேரத்துக்கு. குடத்தை வைக்கக் கூடத் தோணாம கையை நீட்டிக்கிட்டு நின்னேன். என் மனசுல அந்த நேரம் நீதான் இருந்தே.

சாயங்காலம் இறங்கி வந்தாரு. முட்டியில வீக்கம் இல்ல. கைகால் கழுவிட்டு உக்காந்து சொல்றாரு, ஆபீசர் மேல வந்திருந்தாராம். "வண்டி சத்தமில்லாம ஏறுதே, யாருய்யா ரெடி பண்ணினது"ன்னு எல்லாரும் இருக்கும்போது கேட்டாராம். "என் தங்கச்சி, சைக்கிள் மெக்கானிக்"னு சொன்னாராம். அதை என்கிட்ட வந்து சொல்றாரு, என்னமோ எனக்குத் தெரியாத சேதி மாதிரி. கூட வேலை பாக்குற ரெண்டு பேரு அவங்க வண்டியையும் உன்கிட்ட காட்டணும்னாங்களாம். "அவ வரும்போது சொல்றேன்"னு சொல்லிட்டு வந்திருக்காரு.

நீ எப்ப வர்றேன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதையெல்லாம் அவளுக்கு எழுதாதேன்னாரு. எழுதிட்டேன்.

நன்றின்னு ஒரு வார்த்தையில உனக்கு எப்படி முடிக்கிறது? ஒரே அடுப்புல இன்னைக்கு ரெண்டு பேருக்கும் சமைச்சேன். அதை நீ குடுத்தே.

அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உங்க கடுதாசியை ஒர்க்‌ஷாப்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். தண்ணி வந்த இடத்துல மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

நன்றி நீங்க சொல்லாதீங்க, நான் சொல்றேன். இந்த மூணு வருஷத்துல எத்தனையோ வண்டிக்கு பி.பி. மாட்டியிருக்கேன். மாட்டிக் குடுப்பேன், ஏறிப் போயிடுவாங்க. அது எங்க போச்சு, யாரைக் கொண்டு போச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் மனசு ஓரத்துல, அண்ணன் சொன்னது சரிதானோ, நல்ல வேலையை விட்டுட்டு வந்துட்டேனோன்னு ஒண்ணு அரிச்சுக்கிட்டே இருக்கும். நான் கத்துக்கிட்ட வேலை என் வீட்டுக்குத் தேவைப்பட்டது இதுதான் முதல் தடவை. நீங்க கேக்காம இருந்திருந்தா எனக்கு அது கிடைச்சிருக்கவே கிடைச்சிருக்காது. வெறும் அட்ரஸை வெச்சுக்கிட்டு, நான் கிழிச்சுப் போடுவேனோன்னு கூட யோசிக்காம எழுதினீங்க பாருங்க, அதுக்கு நான் எப்பவும் கடமைப்பட்டிருக்கேன்.

மேஸ்திரிகிட்ட லீவு கேட்டேன். "இன்னும் போகலையா நீ"ன்னு கேட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். அந்த ரெண்டு பேரு வண்டிக்கும் என்ன சாமான் வேணும்னு அங்க வந்து பாத்துக்கிறேன். நீங்க வீட்டுலயே இருங்க, பஸ் ஸ்டாண்டுக்கு அலைய வேணாம்.

அண்ணனை மட்டும் வரச் சொல்லுங்க. அவரு ஒண்ணும் பேச வேண்டாம், பையைத் தூக்க வேண்டாம். நான் படியில இறங்கும்போது அவரு அங்க நின்னா போதும்.

வாலு